தேனீ வளர்ப்போர் தோட்டத்தில் குறைந்த செலவில் பழமரங்கள்: கன்று வாங்குவதும் நடுவதும்

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், குறிப்பாக மார்த்தாண்டத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், தேனீ வளர்ப்பவரின் ஆண்டுக்கணக்கு ரப்பர் மரத்தைச் சுற்றியே அமைகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ரப்பர் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்திலுள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் கசிகிறது; தேன் அறையை நிரப்புவது பெரும்பாலும் அதுதான். கோடை முற்றுவதற்குள் அந்த வரத்து நின்றுவிடும். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால், பூத்திருக்கும் கொஞ்சப் பூக்களின் தேனும் மழையில் கழுவப்பட்டுப் போக, தேனீக்கள் வெளியே செல்ல முடியாமல் கூட்டம் மெலியும். வளர்ப்பவர் சர்க்கரைப் பாகு காய்ச்சத் தொடங்குவார். மழை ஓய்ந்த பின், அடுத்த ரப்பர் தளிர் வருவதற்குள் கூட்டங்களை வலுவாக்கிப் பிரித்து வைக்க வேண்டும். அப்போது கூட்டிலுள்ள தேனீப் புழுக்களை வளர்க்க மகரந்தம் தேவை. ரப்பர் இலைச் சுரப்பியோ இனிப்பைத் தருமேயன்றி மகரந்தம் தராது.

வீட்டுத் தோட்டத்தில் பழமரம் நடுவதன் பயன் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. நாம் பெட்டியில் வளர்க்கும் இந்தியத் தேனீ பெரும்பாலும் பெட்டியைச் சுற்றிச் சில நூறு மீட்டர் தொலைவுக்குள் இரை தேடுவது. அந்த வட்டத்துக்குள் நாம் நடும் பத்துப் பதினைந்து மரங்கள் ஒரு பெட்டியின் தேன் அறையைக்கூட நிரப்பா. ஆனால் வேறு பூ இல்லாத வாரங்களில் அதே மரங்கள் கூட்டம் ஓடிப்போகாமலும் ராணி முட்டையிடுவதை நிறுத்தாமலும் காக்கும், சர்க்கரைச் செலவையும் குறைக்கும். ஆகவே பழத்தின் ருசியைப் பார்ப்பதற்கு முன் மரம் பூக்கும் மாதத்தைப் பார்க்க வேண்டும். செலவைக் குறைப்பதற்கும் ஒரு வழி உண்டு: விதையிலோ தண்டிலோ நம்மாலேயே நன்றாக வளர்த்துக்கொள்ளக்கூடிய மரத்துக்கு நர்சரியில் காசு கொடுக்காமல், ஒட்டுக் கட்டினால்தான் பயன் தரும் மரத்துக்கு மட்டும் அந்தக் காசை எடுத்து வைப்பது.

விலையில்லாமல் கிடைப்பவை

முதலில் வாழை. இது மரமே அல்ல என்று தாவரவியல் சொல்லும், நமக்கு அது பொருட்டல்ல. குமரியில் மட்டி, செந்துளுவன், ஏத்தன் என்று எந்த வகையானாலும் பக்கக் கன்று அக்கம்பக்கத்திலேயே கேட்டு வாங்கலாம். மட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதற்காக அதன் கன்றுக்கு விலை கூட்டிச் சொல்லும் வியாபாரியிடம் வாங்க வேண்டிய தேவை இந்த மாவட்டத்தில் யாருக்கும் இல்லை. வாழைப்பூவின் மடல் ஒவ்வொன்றாகத் திறக்கும்போது வரிசையாக நிற்கும் பூக்களில் ஊறும் தேன் துளி கண்ணுக்கே தெரியும். காலையில் அங்கே தேனீ மொய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு மேலும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாழை ஒருமுறைதான் பூக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் நடாமல், இரண்டு மாதத்துக்கு இரண்டு கன்று என்று இடைவெளி விட்டு நட்டால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தார் பூவில் நிற்கும். கடைசிச் சீப்பு விரிந்தவுடன் பூவை ஒடித்துவிடுவது விவசாயிகளின் வழக்கம். காய் கொஞ்சம் திரளும் என்பது உண்மைதான். தேனீ வைத்திருப்பவர் மழைமாதங்களில் பாதித் தார்களிலாவது பூவை விட்டுவைக்கலாம். அதற்குப் பின் திறக்கும் ஆண்பூக்களிலும் தேன் உண்டு.

அடுத்தது முருங்கை. பழமரப் பட்டியலில் சேராவிட்டாலும் பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை விதையிலிருந்து முளைத்து மூன்று, மூன்றரை மாதத்திலேயே பூவுக்கு வந்துவிடுவதால், மற்ற மரங்கள் வளரும்வரை காத்திருக்க வேண்டிய தோட்டத்தில் முதல் ஆண்டுக்கான தீர்வு அதுதான். மரமுருங்கையின் போத்தை வெட்டி நட்டாலும் வரும். ஆனால் தண்ணீர் தேங்கும் இடத்தில் இரண்டுமே அழுகிவிடும்.

சிங்கப்பூர் செர்ரி என்றும் தேன்பழம் என்றும் சொல்லப்படும் மரத்தை யாரும் விலைக்கு வாங்கக் கூடாது. பறவையும் வௌவாலும் தின்று போட்ட விதையிலிருந்து மதில் ஓரங்களிலும் சாக்கடைக் கரையிலும் தானாகவே முளைத்து நிற்கும் நாற்றை, மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் ஒரு மாலையில் வேரோடு பெயர்த்து நட்டால் போதும். இரண்டாம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ ஆண்டு முழுவதும் வெள்ளைப் பூ பூத்துக்கொண்டே இருக்கும். கிளை எளிதில் ஒடியும், நீண்ட ஆயுளும் கிடையாது. வீட்டுக் கூரைக்கு மேலே சாயாத இடமாகப் பார்த்து நட வேண்டும்.

எலுமிச்சை விஷயத்தில்தான் பலர் தேவையில்லாமல் பணம் செலவிடுகிறார்கள். நாட்டு எலுமிச்சை விதை ஒன்றுக்குள் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட கரு இருக்கும். அவற்றில் மகரந்தச் சேர்க்கையால் உண்டாகாமல் தாயின் திசுவிலிருந்தே உண்டாகும் கருக்கள்தான் மிகுதி என்பதால், விதைக் கன்று தாய்மரத்தைப் போலவே வரும். நன்றாகக் காய்க்கும், நோயில்லாத ஒரு மரத்தின் பழுத்த பழங்களை எடுத்து, விதையைக் காயவைக்காமல் கழுவி உடனே விதைக்க வேண்டும். முளைத்தவற்றில் மிகவும் குட்டையானதையும், மற்றவற்றைவிட இலை வேறுபட்டுத் தெரிவதையும் பிடுங்கிவிட்டு, ஒரே சீராக நிற்பவற்றை வைத்துக்கொள்ளலாம். ஒட்டுக் கன்றைவிட ஓரிரு ஆண்டு தாமதமாகக் காய்க்கும், அவ்வளவுதான் வேறுபாடு. ஆண்டில் இரண்டு மூன்று முறை பூக்கும் இந்த மரத்தின் பூவில் தேனும் மகரந்தமும் இரண்டும் உண்டு. மழை மிகுந்த விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் எலுமிச்சைக்குச் சொறிநோய் பெரிய தொல்லை. இலையில் மஞ்சள் வளையத்துக்கு நடுவே தடித்து, தொட்டால் சொரசொரப்பாக இருக்கும் புள்ளிகள் உள்ள கன்று இலவசமாகக் கிடைத்தாலும் தோட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

நாவல் விதை கையில் பழம் இருக்கும்போதே விதைக்கப்பட வேண்டியது. இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்தால் முளைப்புத்திறன் போய்விடும். விதைக் கன்று காய்க்க எட்டு, பத்து ஆண்டுகள் ஆகும், ஒட்டுக் கன்று அதில் பாதிக் காலத்தில் காய்க்கும். மார்ச், ஏப்ரல் வாக்கில் மரம் முழுக்கப் பூக்கும்போது ரப்பர் வரத்து வடிந்துகொண்டிருக்கும் என்பதால், தேனீக்கு இதைவிடப் பொருத்தமான மரம் குறைவு. பெரிய மரமாக வளர்வது. பத்து மீட்டர் இடம் விட முடியாதவர், தோட்டத்துக்குள் ஓர் ஒட்டுக் கன்றை மட்டும் எல்லையோரம் நட்டுவிட்டு, விதைக் கன்றுகளை ஊர்க் குளக்கரைக்கும் கோயில் வளாகத்துக்கும் உரியவர்களிடம் கேட்டுக் கொடுத்துவிடலாம். தேனீ வேலி பார்ப்பதில்லை.

காசு கொடுக்க வேண்டியவையும், பதியன் போடுபவையும்

கொய்யாவை விதையிலிருந்து வளர்த்தால் பழம் எப்படியிருக்கும் என்று சொல்ல முடியாது, காய்ப்புக்கும் நாளாகும். பதியன் கன்று இரண்டாம், மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும். பதியனை நாமே போடலாம். ஜூன், ஜூலை மாதங்களில் தெரிந்தவர் வீட்டு நல்ல மரத்தில் பென்சில் கனமுள்ள, நேராக வளர்ந்த ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, நுனியிலிருந்து ஒன்றரை அடி கீழே இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாகச் சீவி எடுக்க வேண்டும். பட்டைக்குக் கீழே வழுவழுப்பாக இருக்கும் படலத்தையும் கத்தி முதுகால் சுரண்டிவிட வேண்டும். அதை விட்டுவிட்டால் காயம் மூடிக்கொள்ளுமே தவிர வேர் வராது. ஊறவைத்துப் பிழிந்த தென்னை நார்க்கழிவை ஒரு பிடி வைத்து, கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் சுற்றி இரு முனையையும் இறுக்கிக் கட்ட வேண்டும். தாளுக்குள் வெள்ளை வேர் ஓடுவது வெளியே தெரிந்து, அது பழுப்பாக மாறத் தொடங்கும்போது, ஏறக்குறைய இரண்டு மாதத்தில், கட்டுக்குக் கீழே வெட்டிப் பையில் வைத்து நிழலில் தேற்ற வேண்டும். சாம்பக்காய்க்கும் இதே முறை எளிதாகக் கைகொடுக்கும். பூத்தால் மரத்தடி முழுக்க மகரந்தத் தாள்கள் உதிர்ந்து கிடக்கும் சாம்பக்காய், ஆண்டில் பலமுறை பூப்பதால் தேனீ வளர்ப்பவர் தவற விடக் கூடாத மரம். கொய்யா முக்கியமாக மகரந்தத்துக்காக. தேன் அதில் குறைவு.

மாறாக, ரம்புட்டானில் சிக்கனம் பார்ப்பது வீண். விதையில் முளைத்த ரம்புட்டான்களில் ஏறத்தாழ பாதி ஆண்மரமாகப் போய்விடும். ஆறேழு ஆண்டு தண்ணீர் ஊற்றிய பின்தான் அது தெரியவரும். தேனீக்கு ஆண்மரத்தின் மகரந்தமும் உதவும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம், பழம் கேட்கும் பிள்ளைகளிடம் அந்தச் சமாதானம் செல்லாது. ரம்புட்டான் பூவைத் தேனீக்கள் மிகவும் விரும்பும், மகரந்தச் சேர்க்கையும் பெருமளவு அவற்றால்தான் நடக்கிறது. எனவே நம்பகமான இடத்தில் மொட்டு ஒட்டுக் கட்டிய கன்று ஒன்றே ஒன்று, விலை கூடுதலானாலும் வாங்குவது சரி.

தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வறண்ட நிலத்தில் நெல்லியும் இலந்தையும் பொருந்தும். நெல்லி தன் மகரந்தத்தால் தானே சரியாகக் காய் பிடிக்காது. பி.எஸ்.ஆர். 1, என்.ஏ. 7, சக்கையா போன்றவற்றில் இரண்டு வகையையாவது கலந்து நட வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் வேறு வகை நெல்லி இருந்தால் ஒரு கன்றே போதும். அதனால் நெல்லி வாங்கப் போகுமுன் பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேசுவது ஒரு கன்றின் விலையை மிச்சப்படுத்தும். இலந்தைக்குக் காட்டு இலந்தை நாற்றை இடத்திலேயே வளர்த்து, அதில் நல்ல வகையின் மொட்டைக் கட்டலாம். ஆணிவேர் அறுபடாததால் அது வறட்சியை ஒட்டுக் கன்றைவிட நன்றாகத் தாங்கும். மழைக்காலத்தின் பிற்பகுதியில், கூட்டம் தேற வேண்டிய நேரத்தில் பூப்பது இலந்தையின் சிறப்பு.

சீத்தா, பப்பாளி, பலா ஆகியவற்றைப் பழத்துக்காக நடலாம். தேனீயை நினைத்து நட வேண்டாம். சீத்தாப்பூவுக்கு மகரந்தம் சேர்ப்பவை சிறு வண்டுகள். பப்பாளிக்கு அந்துப்பூச்சிகளே பெரும்பாலும் வருகின்றன. மாம்பூவுக்கு ஈக்களும் வரும், தேனீயும் வரும். ஆனால் மாமரம் பூக்கும் ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் தளிர் நிறைந்திருப்பதால் கூட்டத்துக்கு அதன் தேவை குறைவு. குமரியில் பருவம் தப்பிப் பூக்கும் மாமரம் ஒன்று வாய்த்திருந்தால் அது வேறு கதை.

கன்றைப் பார்த்து வாங்குவது

கன்னியாகுமரியிலும் பேச்சிப்பாறையிலும் உள்ள அரசு தோட்டக்கலைப் பண்ணைகள், பேச்சிப்பாறையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆகியவற்றில் கன்றின் விலை பொதுவாகத் தனியார் நர்சரியைவிடக் குறைவு. அதைவிட முக்கியமாக, எந்த வகை என்று சொல்கிறார்களோ அதுவாகவே இருக்கும். ஆனால் நாம் கேட்கும் கன்று நாம் போகும் நாளில் இருக்க வேண்டுமென்பதில்லை. மழைக்கு முன்பே, மே மாதத்தில் ஒருமுறை போய் எது எப்போது தயாராகும் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஜூன் பிறந்து முதல் மழை விழுந்ததும் எல்லோரும் கன்று தேடிக் கிளம்புவார்கள், நல்லவை முதலில் போய்விடும்.

தெருவில் வண்டியில் வைத்து விற்கப்படும் கன்றுகளில் ஒட்டு என்று சொல்லி விதைக் கன்றைத் தள்ளிவிடுவது உண்டு. தண்டில் ஒரு பிளாஸ்டிக் நாடா சுற்றியிருப்பதே ஒட்டுக்கு அடையாளம் என்று எண்ணிவிடக் கூடாது. நாடாவைச் சற்று விலக்கிப் பார்க்கச் சொல்ல வேண்டும். உண்மையான ஒட்டில் சாய்வான அல்லது ஆப்பு வடிவிலான தழும்பு இருக்கும். அதற்கு மேலும் கீழும் பட்டையின் நிறமோ சொரசொரப்போ கனமோ கொஞ்சமாவது மாறும். நாடாவுக்குக் கீழே தண்டு தங்குதடையின்றி ஒரே சீராக ஓடினால் அது வெறும் கன்று. விற்பவர் நாடாவைத் தொட விடவில்லை என்றால் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

உயரமான கன்றுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள், வாங்குபவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். ஒரு வயதுக்கு மேற்படாத, தண்டு கனத்த, குட்டையான கன்று விலையும் குறைவு, வேரும் விரைவில் பிடிக்கும். மூன்றாம் ஆண்டில் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். பல மாதம் பையிலேயே கிடந்த பெரிய கன்றின் வேர் சுருண்டு சுருண்டு பந்தாகியிருக்கும். அதை நட்டால் வேர் வெளியே ஓடாமல் தன்னையே சுற்றிக்கொண்டு சில ஆண்டுகளில் மரத்தை நெரித்துவிடும். பையின் அடித்துளைகளைப் பார்த்தாலே இது தெரியும்: மெல்லிய வெள்ளை வேர் எட்டிப்பார்த்தால் நல்லது, விரல் கன வேர் தரைக்குள் இறங்கிப் பிய்த்தெடுக்கப்பட்ட அடையாளம் இருந்தால் வேண்டாம். பருவம் முடிந்து மிஞ்சிய கன்றைப் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்று வாங்குவது பெரும்பாலும் இந்த வகையில்தான் போய் முடிகிறது. கொழுந்து விட்டுக்கொண்டிருக்கும் கன்றையும் வண்டியில் ஏற்றி வெகுதூரம் கொண்டுவரக் கூடாது. தளிர் முற்றிய பின் கொண்டுவந்தால் வாட்டம் குறையும்.

தேனீ வளர்ப்பவர் மட்டும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கன்றுக்கு என்ன மருந்து அடித்தார்கள்? சாறு உறிஞ்சும் பூச்சிக்காக நர்சரிகளில் இமிடாகுளோப்ரிட், தயாமீதாக்சம் போன்ற ஊடுருவும் மருந்துகளைத் தெளிப்பதும் வேரில் ஊற்றுவதும் உண்டு. அவை செடிக்குள் ஏறித் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கும். பையில் இருக்கும்போதே பூத்து நிற்கும் கன்று பார்வைக்கு அழகாகத்தான் இருக்கும். தெளிவான பதில் கிடைக்காதபோது, அந்தப் பூவையும் நட்ட பின் வரும் முதல் சுற்றுப் பூவையும் மலர்வதற்கு முன்பே கிள்ளிவிடுவது பாதுகாப்பு.

இடம் பிரித்தல்

இருபது சென்ட் என்பது ஏறத்தாழ 800 சதுர மீட்டர். ஐந்து மீட்டருக்கு ஒரு மரம் என்று கணக்குப் போட்டால் முப்பது மரத்துக்கு மேல் வரும், ஆனால் அப்படி நெருக்கினால் ஐந்தாறு ஆண்டில் நிழல் மூடி எதுவும் பூக்காது. வெயில் படும் கிளையில்தான் பூ. கொய்யா, எலுமிச்சைக்கு ஐந்து மீட்டரும், நெல்லி, சாம்பக்காய்க்கு ஆறு மீட்டரும், ரம்புட்டானுக்கு எட்டு மீட்டரும் விட்டு, இடையில் முதல் மூன்று ஆண்டுக்கு வாழையும் முருங்கையும் வைத்துக்கொண்டால், பெரிய மரங்கள் பூவுக்கு வரும் நேரத்தில் அவற்றை எடுத்துவிடலாம்.

பெட்டிகளை நடுவில் வைத்து மரங்களைச் சுற்றி நடுவதைவிட, பெட்டிகளைத் தோட்டத்தின் ஒரு பக்கம், வாசல் கிழக்கே பார்க்க வைத்து, மேற்கிலும் தென்மேற்கிலும் மரம் வைப்பதே சரி. பிற்பகல் வெயிலும் மழைச் சாரலும் தடுக்கப்படும். பெட்டியின் வாசலுக்கு நேர் எதிரே மூன்று மீட்டராவது திறந்த வெளி வேண்டும். அடிக்கடி ஏறிப் பறிக்க வேண்டிய கொய்யாவும் பழம் தொப்பென்று விழும் மரங்களும் பெட்டிக்கு மேலே வரக் கூடாது. அழுகி விழுந்த பழம் குளவியையும் எறும்பையும் இழுக்கும்.

எறும்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மா, நாவல், கொய்யா, சாம்பக்காய் ஆகிய மரங்களில் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு, பூவில் உட்காரும் தேனீயைக் காத்திருந்து பிடிக்கும். பெட்டி வாசலிலும் வந்து நிற்கும். பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருந்தாலும், காற்றில் அசையும் ஒரே ஒரு கிளை கூரையைத் தொட்டால் போதும், அதன் வழியே இறங்கிவிடும். பெட்டிக்கும் அருகிலுள்ள கிளைக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி எப்போதும் இருக்குமாறு கவாத்து செய்து வர வேண்டும். முசுறுக்கூடு தென்பட்டால் அந்தி நேரத்தில், எறும்புகள் பெரும்பாலும் கூட்டுக்குள் இருக்கும்போது, துறட்டியால் அறுத்துச் சோப்புத் தண்ணீர் வாளியில் விழச் செய்யலாம். மருந்துப்பொடி தூவ வேண்டாம்.

குழியும் நடவும்

குழியை ஏப்ரல், மே மாதங்களிலேயே எடுத்துவிட்டால் வெயிலில் மண் ஆறும். சிறிய மரங்களுக்கு இரண்டடி நீளம், அகலம், ஆழம். நாவல், ரம்புட்டானுக்கு மூன்றடி. தோண்டும்போது மேல்மண்ணை ஒரு பக்கமும் அடியிலிருந்து வரும் சரளை மண்ணை இன்னொரு பக்கமும் போட வேண்டும். திரும்ப நிரப்பும்போது மேல்மண்தான் வேருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அடியில் தேங்காய் மட்டைகளை, குழிந்த பக்கம் மேலே பார்க்க ஒரு வரிசை அடுக்கினால் கோடையில் ஈரம் நிற்கும். விளவங்கோட்டில் இது செலவே இல்லாத பொருள். கறையான் வரும் நிலமாக இருந்தால் மட்டையின் மேல் வேப்பம் புண்ணாக்குத் தூவுவதை விட்டுவிடக் கூடாது. அதன் மேல் மேல்மண்ணோடு பத்துக் கிலோ நன்றாக மக்கிய தொழுவுரமும் ஒரு கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து, தரைமட்டத்துக்கு ஒரு சாண் உயரமாகவே நிரப்ப வேண்டும். மழையில் அது அமிழ்ந்து மட்டத்துக்கு வரும். பச்சைச் சாணம் போட்டால் சூட்டில் வேர் கருகும்.

மேற்குப் பகுதியில் ஜூனில் விழும் முதல் மழையின் வேகம் தணிந்த பின் நடலாம். தோவாளைப் பக்கம் வடகிழக்குப் பருவமழையை நம்பி அக்டோபரில் நடுவது நல்லது. ஜூனில் நட்டால் ஆடிக்காற்றும் வெயிலும் கன்றை வாட்டிவிடும். வாங்கிவந்த கன்றை உடனே நடாமல் ஒரு வாரம் நமது தோட்டத்து அரைநிழலில் வைத்திருப்பது அதைப் பழக்கப்படுத்தும்.

நடும் நாளில் பையை நன்றாக நனைத்துக்கொண்டு, அடிப்பாகத்தை முதலில் அறுத்து எடுத்து, குழியில் வைத்த பின் பக்கவாட்டில் கீறிப் பையை உருவ வேண்டும். அப்போது மண்கட்டி உடையாது. பாலிதீனோடு சேர்த்துப் புதைத்துவிட்டு, மக்கிப் போகும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அது மக்காது. கன்று பையில் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில்தான் நிலத்திலும் இருக்க வேண்டும். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்திலாவது நிற்க வேண்டும். அது மண்ணுக்குள் போனால் மேல்தண்டு அழுகும், அல்லது தானே வேர் விட்டு, ஒட்டுக்கு அடியிலுள்ள வேர்ச்செடியின் பயன் போய்விடும். மண்ணை மிதிக்கும்போது தண்டை ஒட்டி மிதிக்காமல் மண்கட்டிக்கு வெளியே சுற்றி அழுத்த வேண்டும். மழை மிகுந்த இடத்தில் தூரைச் சுற்றி மண்ணை மேடாக அணைத்து நீர் வடிய விடுவதும், வறண்ட இடத்தில் வட்டப்பாத்தி எடுத்து நீர் நிற்க விடுவதுமாக, ஒரே மாவட்டத்துக்குள்ளேயே முறை மாறும். ஒரு குச்சியை ஊன்றிக் கயிற்றை எட்டு வடிவில் தளர்வாகக் கட்டி, மேற்குப் பக்கம் ஒரு தென்னோலையை மறைப்பாகக் குத்தி வைத்தால் நடவு முடிந்தது. ஒட்டு நாடாவை இரண்டு மூன்று மாதத்துக்குப் பின் மறக்காமல் அறுக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே எந்தத் தளிர் வந்தாலும் நகத்தாலேயே கிள்ளிவிட வேண்டும்.

முதல் ஆண்டுகளில்

சிறு கன்றில் வரும் முதல் பூக்களை உதிர்த்துவிட வேண்டும் என்பது தோட்டக்கலையின் பொது அறிவுரை. மரத்தின் வலுவை உறிஞ்சுவது பூவைவிடக் காயே என்பதால், மருந்து பற்றிய ஐயம் நீங்கிய இரண்டாம் ஆண்டிலிருந்து பூவை மலரவிட்டு, தேனீ வந்துபோன பின் பிஞ்சை மட்டும் கிள்ளிவிடலாம். கொய்யாவில் இதைச் செய்வது எளிது. கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். கிளை நுனிகளைக் கவாத்து செய்த ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூ வரும். மூன்று மரம் இருந்தால் மூன்றையும் ஒரே நாளில் வெட்டாமல், ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்று வெட்டினால், மகரந்தம் மிகவும் தேவைப்படும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஏதாவது ஒரு கொய்யா பூவில் இருக்கும்.

பூச்சித் தொல்லை வரத்தான் செய்யும். கொய்யாவில் தேயிலைக் கொசு எனப்படும் சாறு உறிஞ்சும் பூச்சியும் பழ ஈயும் குமரியில் வழக்கமானவை. வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் பூத்திருக்கும் மரத்தில் அடிக்காமல், தேவைப்பட்டால் அந்திக்குப் பின், தேனீ அடங்கிய நேரத்தில், மொட்டும் மலரும் இல்லாத கிளையில் மட்டும் தெளிக்க வேண்டும். பழ ஈக்கு மெத்தில் யூஜினால் பொறி போதும். அது ஆண் பழ ஈக்களை இழுத்துக் கொல்வது, தேனீயை இழுக்காது. காய் எலுமிச்சை அளவுக்குத் திரளும்போதே பொறியைக் கட்டிவிட வேண்டும். நிறம் மாறிய பின் கட்டினால் ஈ ஏற்கனவே முட்டை வைத்திருக்கும். பழத்தைக் காக்க வலை போடுபவர்கள், கடைசிப் பூவும் உதிர்ந்த பின்பே போட வேண்டும், அல்லது மரத்தை விட்டுவிட்டுக் காய்களுக்கு மட்டும் தாள் உறை கட்டலாம்.